கதவுக்கு முட்டுக்கொடுத்த டம்பெல்: வீட்டில் பாரம் தூக்கிப் பலன் காண்பது எப்படி?

எங்கள் வீட்டின் பின் விறாந்தைக் கதவு சோளகக் காற்றுக்கு அடித்துச் சாத்தும். இரண்டு வருடத்துக்கு மேலாக அதைப் பிடித்து வைத்திருந்தது ஐந்து கிலோ டம்பெல் ஒன்று. அதன் சோடி என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கி, யாழ்ப்பாணத்தில் வாரக்கணக்காக நீண்டு, ஒருவழியாகக் கடைகள் திறந்த பிறகு நான் செய்த முதல் வீண்செலவு அது என்று அம்மா சொல்லுவார். அவர் சொன்னதில் பிழையில்லை. பத்து மாதம் ஒழுங்காகத் தூக்கினேன். பிறகு விட்டுவிட்டேன்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா வாங்கிக் கொடுத்த டிரெட்மில்லில் துவாய் காயும் வீடுகளை எனக்குத் தெரியும். ரப்பர் பட்டிகள், வயிற்றைக் குறைக்கும் சக்கரம், மடித்து வைக்கும் பெஞ்ச் எல்லாம் வாங்கிய மூன்றாம் மாதம் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். வாங்கியவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது இலகு. நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பத்து மாதம் கிழமைக்கு மூன்று நாள் செய்தவளைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. நான் விட்டது பலன் வராததால். அது ஏன் வரவில்லை என்று தேடிப் பார்க்கும் அளவுக்கு அப்போது எனக்கு அக்கறை இருக்கவில்லை. அம்மாவுக்காகத்தான் தேடினேன்.

கோயிலில் அன்னதானத்துக்கு நிலத்தில் இருந்து சாப்பிடுவதை அம்மா எப்போது நிறுத்தினார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. "சரியான சனம், வீட்ட போய்ச் சாப்பிடுவம்" என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீரிழிவு கிளினிக்கில் முழங்கால் நோவு என்று சொல்ல, இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த இயன்மருத்துவர், என் வயதுள்ள பெண், ஒரு கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்தார். "அம்மா, ரெண்டு கையையும் நெஞ்சில குறுக்கால வச்சுக்கொண்டு அஞ்சு தரம் எழும்பி இருங்கோ பாப்பம்" என்றார்.

அம்மாவுக்கு அப்போது 63 வயது. காலையில் அரை மணித்தியாலம் நடப்பவர். கையை ஊன்றாமல் ஒருதரம்கூட எழும்ப முடியவில்லை. அரைவாசி எழும்பி மறுபடியும் கதிரையில் விழுந்தார். விழுந்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சோதனை உலகம் முழுவதும் பயன்படுகிறது. கை ஊன்றாமல் ஐந்து தரம் எழும்பி இருக்க 15 செக்கனுக்கு மேல் எடுத்தால், தசைப்பலம் குறைந்திருக்கக்கூடும் என்று ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று 2019 இல் வெளியிட்ட வரையறை சொல்கிறது. வயதோடு தசை தேய்வதற்கு மருத்துவத்தில் 'சார்கோபீனியா' என்று பெயர். அந்தப் பெயர் 1980களின் முடிவில்தான் வந்தது. அதுவரை அது 'வயது போனால் அப்படித்தான்' என்ற கணக்கில் இருந்தது. எங்கள் வீடுகளில் இன்றும் அந்தக் கணக்குத்தான்.

"நடக்கிறது நல்லது அம்மா, அதை விடாதேங்கோ. ஆனா அது மட்டும் காணாது. காலுக்குப் பாரம் குடுக்கோணும்" என்றார் இயன்மருத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலும் இதையேதான் சொல்கிறது. கிழமைக்கு 150 நிமிடம் நடை போன்ற பயிற்சி என்ற பாதியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். கிழமைக்கு இரண்டு நாளாவது உடலின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பலப்பயிற்சி என்ற மற்றப் பாதி எங்கள் கிளினிக் சுவர்களில் ஒட்டப்பட்டிருப்பதை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் முச்சக்கரவண்டிக்குள் அம்மா கேட்டார்: "அப்ப உன்ர அந்த இரும்பு ஏதும் பிரயோசனப்படுமோ?"

பத்து மாதத்தில் நான் விட்ட பிழை

என் பழைய பயிற்சி இப்படித்தான் இருந்தது. ஐந்து கிலோ டம்பெல் இரண்டு. யூடியூப்பில் ஒரு காணொளி. ஒவ்வொரு பயிற்சியும் 12 தரம், மூன்று சுற்று. முதல் ஆறு கிழமையில் நல்ல முன்னேற்றம். அரிசி மூட்டை தூக்குவது இலகுவானது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை. பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. எட்டாம் மாதத்திலும் அதே ஐந்து கிலோ, அதே 12 தரம்.

முதல் கிழமைகளில் வரும் பலம் பெரும்பாலும் தசை வளர்ந்து வருவதல்ல. மூளையும் நரம்பும் இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. சைக்கிள் பழகுவது மாதிரி. அந்தப் பழக்கம் முடிந்ததும் தசை தானே வளரவேண்டும். ஆனால் உடம்பு கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்தலைவி மாதிரி. ஐந்து கிலோவை 12 தரம் தூக்க இருக்கிற தசை போதுமென்றால், அதற்கு மேல் ஒரு கிராம் தசையையும் கட்டி வைத்துச் சோறு போடாது. வளரவேண்டுமென்றால், இருப்பது போதாது என்ற செய்தி அதற்குப் போகவேண்டும். போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

இதை முறையாக மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். 1940களில், இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டு வந்த சிப்பாய்களின் கால்களைத் தேற்றும் வேலை அவருக்கு. மெலிந்த காலுக்கு இலேசான அசைவுகளைப் பலதரம் கொடுப்பதுதான் அன்றைய வழக்கம். இளவயதில் தானே பாரம் தூக்கிப் பழகிய டிலோர்ம், அந்தக் கால்களுக்குக் கனமான இரும்பைக் கட்டினார். தேறத் தேறப் பாரத்தைக் கூட்டினார். 1945 இல் முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகிலுள்ள எந்த ஜிம்முக்குப் போனாலும், அங்கே நடப்பதன் அடிப்படை அதுதான். காயப்பட்ட கால்களைத் தேற்றும் வேலை எங்கள் ஊருக்கும் அந்நியமானதல்ல என்பதாலோ என்னவோ, இந்த வரலாறு என் மனதில் நின்றுவிட்டது.

ஆகவே வீட்டு உபகரணத்தில் பலன் வருமா என்ற கேள்விக்கு உபகரணத்தின் விலையில் பதில் இல்லை. அதில் பாரத்தைக் கூட்ட வழியிருக்கிறதா, நீங்கள் கூட்டுகிறீர்களா என்பதில்தான் இருக்கிறது.

எவ்வளவு கஷ்டப்படவேண்டும்?

வீட்டில் பெரும்பாலும் பாரம் போதாது. ஜிம்மில் 60 கிலோ கிடைக்கும், வீட்டில் 10 கிலோ கிடைப்பதே பெரிது. இதற்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏற்கெனவே பயிற்சியுள்ள 49 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கனமான பாரம், சுற்றுக்கு 8 முதல் 12 தரம். மற்றவர்களுக்கு இலேசான பாரம், 20 முதல் 25 தரம். இரு பகுதியினரும் இனி ஒருதரம்கூட முடியாது என்ற இடம்வரை தூக்கினார்கள். 12 கிழமை முடிவில் தசை வளர்ச்சி இருபக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிகக் கனமானதை ஒரேயொரு தரம் தூக்கும் பலத்தைச் சோதிக்கும் மற்ற ஆய்வுகளில் கனமான பாரத்தில் பழகியவர்களே முந்துகிறார்கள். ஆனால் உங்களுக்கும் எனக்கும் அந்தப் போட்டி தேவையில்லை.

இதில் கவனிக்கவேண்டியது, 'இனி முடியாது' என்ற இடம்வரை என்ற நிபந்தனை. இலேசான பாரம் வேலை செய்வது அதன் அருகே போனால் மட்டும்தான். நான் 12 உடன் நிறுத்தியது காணொளிக்காரர் நிறுத்தியதால். என் தசைகளிடம் நான் கேட்கவேயில்லை. கிளினிக் போய்வந்த மறுநாள் கதவடியிலிருந்து டம்பெல்லை எடுத்துத் துருவைத் துடைத்து, குனிந்து நின்று இடுப்புவரை இழுக்கும் பயிற்சியை எண்ணாமல் செய்து பார்த்தேன். 26 இல்தான் கை நின்றது. பத்து மாதமாக நான் செய்தது பாதிப் பயிற்சிகூட இல்லை.

நீங்களும் ஒருநாள் இதைச் செய்து பாருங்கள். தலைக்கு மேலே தூக்கும் பயிற்சிகளில் வேண்டாம், கீழே வைத்துவிடக்கூடிய பயிற்சியில் மட்டும். கவனிக்கவேண்டியது வேகத்தை. நீங்கள் முழு முயற்சி போட்டும் பாரம் தானாக மெதுவாக ஏறத் தொடங்கினால், இன்னும் இரண்டு மூன்றுதான் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வழமையான நாட்களில் அந்த இடத்தில் நிறுத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் விழும்வரை போகத் தேவையில்லை. வியர்வையோ மறுநாள் உடல்நோவோ அளவுகோல் அல்ல. எங்கள் வெயிலில் சும்மா இருந்தாலே வியர்க்கும்.

என்ன வாங்குவது, என்ன வாங்காமல் விடுவது

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா பக்கம் போனபோது, இறக்குமதி இரும்பின் விலையும் கூடவே போனது. ஆகவே வாங்குவதற்கு முன் யோசிக்கவேண்டிய காலம் இது.

முதலில், ஒரே நிறையுள்ள சோடி டம்பெல்லை வாங்காதீர்கள். நான் வாங்கியது அதுதான். ஐந்து கிலோவுக்கு அடுத்ததாகக் கடையில் இருந்தது ஏழரை கிலோ. ஐந்திலிருந்து ஏழரைக்குப் போவது 50 வீதக் கூடுதல். தோளுக்கு அது ஒரே நாளில் ஏறக்கூடிய படி அல்ல. பெரும்பாலானோர் அந்தப் படியில்தான் நின்று போகிறார்கள், நோவெடுத்து விட்டுவிடுகிறார்கள். தடியும் தட்டுகளும் தனித்தனியாக வரும் வகை சற்று விலை கூடினாலும் நல்லது. அதிலும் ஒரு கிலோவுக்கு உட்பட்ட சின்னத் தட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பெரிய தட்டுகளைத்தான் காட்டுவார். தட்டை இறுக்கும் பூட்டைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். அது வழுகினால் தட்டு விழுவது உங்கள் பாதத்தில்.

விலை குறைந்த பிளாஸ்ரிக் டம்பெல்களுக்குள் இருப்பது இரும்பல்ல, சீமெந்துக் கலவை. அதில் பிழையில்லை, நிறை நிறைதான். விழுந்தால் வெடிக்கும், அளவில் பெரிதாக இருக்கும், அவ்வளவே. உண்மையில் எங்கள் உப்புக்காற்றுக்கு அது துருப்பிடிக்காது என்ற இலாபமும் உண்டு. எழுதியிருக்கும் நிறையை மட்டும் நம்பவேண்டாம். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் ஒருதரம் வைத்துப் பாருங்கள்.

ரப்பர் பட்டிகள் விலை குறைவு, இலேசு. பட்டி இழுக்க இழுக்கத்தான் கனக்கும். தொடக்கத்தில் சும்மா இருக்கும், முடிவில் கடுமையாக இருக்கும். முதுகுப்பக்கத் தசைகளை இழுக்கும் பயிற்சிகளுக்கு நல்லது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி முடிச்சுப் போட்டாலும் அதே வேலை நடக்கும். பாரம் எவ்வளவு என்று தெரியாதே என்றால், கட்டிய இடத்திலிருந்து நிற்கும் தூரத்தைத் தரையில் சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிழமை அரை அடி பின்னால் நின்றால் பாரம் கூடியிருக்கிறது. வெயிலிலும் எண்ணெயிலும் ரப்பர் வெடிக்கும். ஒவ்வொரு நாளும் கீறல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அறுந்த பட்டி நேராக வருவது முகத்துக்கு.

காசே செலவழிக்காத வழி முதுகுப்பை. பாடசாலைப் பையொன்றுக்குள் அரிசியையோ மண்ணையோ ஒவ்வொரு கிலோப் பொதியாகக் கட்டி அடுக்கினால், வேண்டிய அளவில் கூட்டலாம், குறைக்கலாம். கால் பயிற்சிக்கு இதைவிட வசதியானதை நான் காணவில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், ஐந்து லீற்றர் கானில் கோடு போட்டு வைத்தால் அதுவே கூட்டிக்குறைக்கும் டம்பெல். கை நோகாமல் இருக்கப் பிடியில் துணி சுற்றவேண்டும்.

வயிற்றில் கட்டி நடுங்கும் பெல்ட், இடுப்பைச் சுருக்கும் பட்டி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் குறைக்கும் கருவி எதுவும் கிடையாது. டிரெட்மில் இருதயத்துக்கு நல்லது, ஆனால் அது பலப்பயிற்சி உபகரணம் அல்ல. மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் கொடிக்கயிறு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது அது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

"வீட்டுவேலையே காணாதோ?"

இந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டு அன்ரிமாரிடம் பலதரம் கேட்டிருக்கிறேன். கூட்டுகிறோம், தேங்காய் துருவுகிறோம், உடுப்புத் தோய்க்கிறோம், இதற்கு மேல் என்ன பயிற்சி? முந்தி கிணற்றில் அள்ளினோம், உரலில் இடித்தோம், அந்தக் காலத்தில் ஒருவருக்கும் நோய் இல்லை என்றும் சேர்த்துச் சொல்லுவார்கள்.

கிணற்றில் அள்ளுவது நல்ல இழுவைப் பயிற்சி, சந்தேகமில்லை. மோட்டர் வந்த பிறகு எங்கள் வீடுகளில் எதையும் இழுக்கும் வேலையே இல்லாமல் போனதும் உண்மை. ஆனால் அம்மா இருபது வருடம் அள்ளிய வாளி முதல் நாளும் அதே வாளி, கடைசி நாளும் அதே வாளி. பாரம் கூடவில்லை. நோவு வந்த நாளில் ஓய்வும் இல்லை. வீட்டுவேலை உடம்பைக் களைக்க வைக்கிறது, பலப்படுத்துவது குறைவு. களைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக எண்ணுவதால்தான் எங்கள் பெண்களுக்குப் பலப்பயிற்சி தேவையில்லை என்ற முடிவுக்கு எல்லோரும் வசதியாக வந்துவிடுகிறார்கள். அந்த வசதி யாருடையது என்பது வேறு கட்டுரை.

பாரம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி வந்துவிடுவோம் என்ற பயமும் உண்டு. பெரிய தசைகளுக்கு உதவும் டெஸ்ரொஸ்ரெரோன் பெண்களின் உடலில் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. நான் ஒன்றரை வருடமாக முயற்சிக்கிறேன். பழைய சட்டைகள் இன்னும் தாராளமாகவே இருக்கின்றன.

அம்மாவின் கதிரை

அம்மாவுக்கு நாங்கள் தொடங்கியது டம்பெல்லில் அல்ல. அவரின் சொந்த உடம்பே அவருக்குக் கூடிய பாரமாக இருந்தது. ஆகவே பாரத்தைக் குறைக்கவேண்டியிருந்தது. இயன்மருத்துவர் காட்டிய முறைப்படி, கதிரையைச் சுவரோடு வைத்து அதன்மேல் இரண்டு தலையணையை மடித்துப் போட்டோம். உயரம் கூடினால் எழும்புவது இலகு. கை ஊன்றாமல் எட்டுத் தரம், இரண்டு சுற்று, கிழமைக்கு மூன்று நாள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்கவேண்டும். இறங்குவதும் பயிற்சிதான்.

மூன்றாம் கிழமை ஒரு தலையணை போனது. ஆறாம் கிழமை மற்றதும் போனது. பிறகுதான் என் பழைய இரும்புக்கு வேலை வந்தது. நெஞ்சோடு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், இரண்டு லீற்றர், பிறகு டம்பெல். இதோடு குசினி மேடையில் கையூன்றித் தள்ளும் பயிற்சி, யன்னல் கம்பியில் ரியூப்பைக் கட்டி இழுக்கும் பயிற்சி, நிலத்திலிருந்து பையை நேரான முதுகோடு தூக்கும் பயிற்சி, இரண்டு கையிலும் கானைப் பிடித்து முற்றத்தில் நடப்பது. எழும்புதல், தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமத்தல் ஆகிய ஐந்தும் இருந்தால் உடம்பில் விடுபட்ட பெரிய தசை அநேகமாக இல்லை. எல்லாம் சேர்த்து 25 நிமிடம்.

நாலாம் மாதம் கிளினிக்கில் அதே கதிரை, அதே சோதனை. 13 செக்கன்.

வயது போனவர்களின் தசைக்கு இது நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லலாம். 1990 இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் குழுவினரும் அமெரிக்காவின் பொஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் பத்துப் பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சராசரி வயது 90. எட்டுக் கிழமை கால்களுக்குப் பாரப்பயிற்சி கொடுத்தார்கள். இலேசான பாரமல்ல, அவர்கள் தூக்கக்கூடிய உச்சத்தின் 80 வீதம்வரை. முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக 174 வீதம் கூடியது.

நீரிழிவுக்காரருக்கு இதில் இன்னொரு இலாபம் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்திலுள்ள சீனியைப் பெருமளவில் உள்வாங்குவது தசைதான். வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலும் சீனியை இழுக்கும். ஆனால் அதே காரணத்தால்தான் கவனமும் வேண்டும். இன்சுலின் ஊசியோ சீனியைக் கீழிறக்கும் சில குளிசைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். பக்கத்தில் இனிப்பு இருக்கவேண்டும். நீரிழிவால் கண்ணின் இரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், இருதய நோயாளர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. எல்லோருக்கும் பொதுவானது, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக்கூடாது என்பது. தூக்கும்போது மூச்சை வெளியே விடவேண்டும். அம்மா சத்தமாக எண்ணிக்கொண்டே தூக்குவார். எண்ணுபவருக்கு மூச்சை அடக்க முடியாது.

கோப்பையில் என்ன இருக்கிறது?

தசை கட்டுவதற்குப் புரதம் வேண்டும். எங்கள் மதியக் கோப்பையில் சோறு மலை, பக்கத்தில் ஒரு துண்டு மீன். பயிற்சி செய்பவருக்கு உடல்நிறை கிலோ ஒன்றுக்கு நாளுக்கு 1.6 கிராம் புரதம்வரை பலன் தருகிறது, அதற்கு மேல் மேலதிக இலாபம் பெரிதாக இல்லை என்று 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018 ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. 55 கிலோ உள்ள எனக்கு அது 88 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஃப்ரீலான்ஸ் எழுதுபவளின் வருமானத்தில் அது நடக்காது.

ஆனால் 1.6 என்பது உச்சவரம்பு, நுழைவுக்கட்டணம் அல்ல. நான் 60, 65 கிராமோடு ஓடுகிறேன். வேலை நடக்கிறது. காலையில் பாணும் சம்பலும் மட்டும் என்று இருந்ததை, அவித்த கடலை அல்லது பயறும் ஒரு முட்டையும் என்று மாற்றினேன். நெத்தலிக் கருவாடு, சோயா மீட், பருப்பு ஆகியவை காசுக்குக் கூடிய புரதம் தருபவை. உப்புக்காகக் கருவாட்டை ஊறவைத்துக் கழுவவேண்டும். டின்னில் வரும் புரத மா தேவையில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டவே கூடாது. வவுனியாப் பக்கமும் வடமத்திய மாகாணத்திலும் இந்த எச்சரிக்கை சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல.

கொப்பி

இவ்வளவையும் சொன்ன பிறகு, எது பலனைக் கொண்டுவந்தது என்று ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் நான் காட்டுவது 80 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்றை. திகதி, பயிற்சி, பாரம், எத்தனை தரம். போன தரம் 5 கிலோ 14 தரம் என்றால் இன்று 15 க்கு முயற்சி. 20 வந்ததும் அரைக் கிலோவைக் கூட்டி மறுபடியும் 12 இலிருந்து. இப்படி முதலில் எண்ணிக்கையைக் கூட்டி, பிறகு பாரத்தைக் கூட்டினால் ஏழரை கிலோ என்ற பெரிய படியை ஐந்து சின்னப் படிகளாகப் பிரிக்கலாம். தட்டு இல்லாத இடத்தில் கால் கிலோ மண்ணைத் துணியில் கட்டி டம்பெல்லின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. வேலை செய்தது.

கண்ணாடியையும் நிறைத் தராசையும் முதல் மூன்று மாதம் நம்பவேண்டாம். பலம் முதலில் வரும், உருவம் பிந்தித்தான் வரும். நிறை குறையாமலே சட்டை தளரக்கூடும். கொப்பியில் இலக்கம் ஏறினால் சரி. மூன்று நாலு கிழமையாக ஏறவில்லை என்றால், நித்திரையையும் சாப்பாட்டையும் பாருங்கள், அல்லது பயிற்சி நாட்களுக்கு நடுவே ஒருநாள் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டுக்குள் குத்துகிற நோவு வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்தி வேறொன்றைப் பிடிக்கவேண்டும். தசை எரிவது வேறு, மூட்டு குத்துவது வேறு. இரண்டொரு கிழமையில் வித்தியாசம் விளங்கிவிடும்.

அம்மா தன் கொப்பியைத் தானே எழுதுகிறார். என்னுடையதைவிட ஒழுங்கு. கடந்த கிழமைப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இலக்கம் இருக்கிறது. வியாழனுக்கும் சனிக்கும் நேரே 'செத்தவீடு' என்று எழுதியிருக்கிறார். அதற்கு முந்திய கிழமை 'மழை, நாரிப்பிடிப்பு'. இடைவெளி விட்டால் அடுத்த நாள் பழைய பாரத்திலேயே ஏறக்கூடாது, ஒரு படி கீழே இறங்கித் தொடங்கவேண்டும் என்று இயன்மருத்துவர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஐந்து கிலோவை எடுக்கப் போனவரை மறித்து, நான்கு லீற்றர் தண்ணீரோடு கானைக் கொடுத்தேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, சத்தமாக எண்ணத் தொடங்கினார்.